இறங்கிய வழி

ஸ்ரீரங்கம், கீழச் சித்திரை வீதி
1936 அக்டோபர் 4, ஞாயிறு, காலை 6-40
விஷயம் மூன்று

வேதா அக்காவுக்குச் சடகோபன் நமஸ்காரம்.

ஒன்று. உன் கார்டு கிடைத்தது. அதில் பாதி இடம் க்ஷேமத்துக்கே போய்விட்டது. அத்திம்பேர் க்ஷேமம், மாமனார் க்ஷேமம், மாமியார் க்ஷேமம், நீ க்ஷேமம், கன்றுக்குட்டி க்ஷேமம். இனி நாங்கள் க்ஷேமமா என்று நான் எழுத வேண்டும். யாருக்காவது க்ஷேமமில்லை என்றால் தந்தி வராதா? தந்தி வராத நாளெல்லாம் க்ஷேமம் என்றுதானே அர்த்தம்? எங்கள் டிராயிங் ஆபீஸில் வேண்டாத கோடு ஒன்று போட்டால் தலைமை டிராப்ட்ஸ்மன் ஒரு வார்த்தை பேசமாட்டார். ரப்பரை எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டுப் போவார். அந்த ரப்பரை இப்போது உன் முன்னால் வைக்கிறேன். இனிமேல் க்ஷேம வரி வேண்டாம். செய்தி இருந்தால் எழுது. (உன் மாமியார் பார்த்த பிறகுதான் உன் கடிதம் தபாலுக்குப் போகிறது என்று தெரியும். மாமிக்கும் நமஸ்காரம்.)

இரண்டு. கார்த்திகையில் பச்சைமலைக்குப் போகிறேன். சின்ன வயசில் கொள்ளிடத்து மணலில் நின்று வடக்கே பார்ப்போமே, மழை பெய்த மறுநாள் மட்டும் தெரிகிற நீலக் கோடு, அதுதான். அதில் ஓர் அருவி இருக்கிறது. வெள்ளோடை அருவி என்கிறார்கள். அடிவாரத்திலிருந்து ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம். என்னோடு வருகிறவர்கள் எங்கள் ஆபீஸில் படங்களை நகலெடுக்கிற ட்ரேஸர் குத்புதீனும் அவன் சித்தி மகன் அப்துல் ரஹீமும். ரஹீம் பெரிய கடைவீதியில் ட்ரங்குப் பெட்டிக் கடை வைத்திருக்கிறான். தோளுக்கொரு ட்ரங்கு தூக்கிக்கொண்டு வெற்றிலை போட்டபடி நடக்கிற ஆள்.

அருவிவரைக்கும் பாதை உண்டு. அதற்கு மேலே இல்லை. எனக்கு அந்த மேலேதான் வேண்டும். சர்வே படத்தில் அந்த ஓடை ஒரு புள்ளியில் தொடங்குகிறது. அந்தப் புள்ளியைப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

மூன்று. அத்திம்பேரிடம் பித்தளைத் திசைகாட்டி ஒன்று உண்டல்லவா, அதைப் பார்சலில் அனுப்பச் சொல். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

கோதை அத்தை ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் சொன்னதை எழுதாமல் விட்டால் எப்படி என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன்.

சடகோபன்

*

ஸ்ரீ:
நாக்பூர், 13-10-36

சிரஞ்சீவி சடகோபனுக்கு அக்கா வேதவதி அநேக ஆசீர்வாதம்.

நீ சொன்னபடி அந்த வரியை விட்டுவிட்டேன். விட்ட பிறகு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வந்துவிடுவார் என்று மாமியார் சொன்ன பிறகு எழுதுகிறேன்.

செய்தி ஒன்று இருக்கிறது. மாமியார் எழுதச் சொன்னார். எனக்கு இது நாலாம் மாசம். தாயார் சந்நிதியில் வேண்டிக்கொள்ளும்படி அத்தையிடம் சொல். போன தடவை இங்கேயே இருந்ததும், குழந்தை தங்காமல் போனதும் உனக்குத் தெரியும். அப்பா படுக்கையில் இருந்த சமயம், அழைத்துப்போக யாரும் வர முடியவில்லை.

இந்த வீட்டு வழக்கத்தையும் எழுதிவிடுகிறேன். பிறந்த வீட்டு மனுஷர் ஒருவர் நேரில் வந்து கேட்டால் அனுப்புவார்கள். ஏழாம் மாசத்துக்கு முன்னாலும் மார்கழியிலும் அனுப்புவதில்லை. எட்டாம் மாசம் பிறந்துவிட்டாலும் அனுப்புவதில்லை. அப்படிப் பார்த்தால் தை பிறந்து பத்து நாள்தான் இருக்கும். இது செய்திதான். உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

திசைகாட்டியைத் தேடி எடுத்து உன் அத்திம்பேர் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மலையில் செருப்பில்லாமல் நடக்காதே.

வேதவதி

*

ஸ்ரீரங்கம்
1936 அக்டோபர் 20, செவ்வாய், இரவு 8-10
விஷயம் இரண்டு

அக்காவுக்கு நமஸ்காரம்.

செய்தி தெரிந்து சந்தோஷம். அத்தை அன்றைக்கே சந்நிதிக்குப் போய்வந்து, இரண்டு நாளாக என்னை அதட்டாமல் பேசுகிறாள்.

ஆனால் அந்த வழக்கம் எனக்கு விளங்கவில்லை. நான் திருச்சியிலிருந்து நாக்பூருக்கு வந்து, உன்னைக் கூட்டிக்கொண்டு, அதே தண்டவாளத்தில் திரும்ப வேண்டும். இதற்கு பதில் அத்திம்பேர் உன்னை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தெரிந்த குடும்பத்தோடு ஏற்றிவிட்டால் சென்ட்ரல் ஸ்டேஷனில் நான் வந்து நிற்கிறேன். பாதிப் பிரயாணம் மிச்சம். கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது? உன் வீடு. வருகிறேன் என்றால் வா. மாமி சரி என்று சொன்னதும் தேதியை எழுது.

இரண்டாவது, மலை. நவம்பர் 22 ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. அத்தைக்கு இதில் இஷ்டமில்லை. சாயபு வீட்டுப் பையன்களோடு காட்டுக்குப் போய் என்னத்தைச் சாப்பிடுவாய் என்றாள். நீ கட்டிக்கொடுப்பதைத்தான் என்றேன். அப்படியானால் புளியோதரை கட்டித் தருகிறேன், நாலு முழம் தள்ளி உட்கார்ந்து சாப்பிடு என்று நிபந்தனை. இதை குத்புதீனிடம் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்வான் என்று பார்த்தால், "நாங்க தொட்டா உங்க அத்தை புளியோதரை தீட்டாகாது சாமி, தீர்ந்துதான் போகும்" என்றான். அதை நான் வீட்டில் வந்து சொல்ல, அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று பேருக்கு வரும்படி அரிசி எடுத்து வைத்திருக்கிறாள்.

சடகோபன்

*

ஸ்ரீ:
நாக்பூர், 6-11-36

சிரஞ்சீவி சடகோபனுக்கு ஆசீர்வாதம்.

திசைகாட்டி இன்று பார்சலில் புறப்பட்டது. தீபாவளிக்கு உனக்கும் அத்தைக்கும் எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும் நமஸ்காரமும். உன் அத்திம்பேர் க்ஷேமம். மாமனாருக்கு இருமல் தேவலை. மாமியார் க்ஷேமம். இதை மட்டும் எழுதவிடு. மற்றவர்களைப் பற்றி எழுதாமல் இருப்பது மரியாதையாக இல்லை.

ரயில் விஷயம் உன் சௌகரியம்போல் ஆகட்டும். அதைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

மலைக்குப் போனால் எனக்கு ஒன்று பார்த்துச் சொல். கொள்ளிடத்திலிருந்து பார்த்த அந்த நீலம், கிட்டத்தில் போனால் என்ன நிறம்? அப்போது நீ பச்சை என்றாய், நான் கிட்டத்திலும் நீலம்தான் என்றேன். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசவில்லை.

வேதவதி

*

ஸ்ரீரங்கம்
1936 நவம்பர் 26, வியாழன், பகல் 2-15
போனவர் மூவர், வந்தவர் மூவர்

அக்காவுக்கு நமஸ்காரம்.

நீலம் கேட்டாய். அது கடைசியில் வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் துறையூர். ராத்திரி சத்திரத்தில் படுத்துவிட்டு, இருட்டோடு வண்டி பிடித்து அடிவாரத்தில் இறங்கும்போது கிழக்கே வெளுத்திருந்தது. அடிவாரம் முழுக்க காரைப்புதரும் இலந்தை முள்ளும். குத்புதீன் புதுக் கைலி கட்டி வந்திருந்தான். முதல் அரை மைலிலேயே முட்கள் அதில் பங்கு கேட்டுவிட்டன. அதற்கு மேல் மூங்கில். மூங்கிலுக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி. காற்றே இல்லாதபோதும் எங்கேயோ ஒரு கழி இன்னொன்றின் மேல் உரசிக் கதவு திறக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ரஹீம் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தான்.

பாதை மலைக்காரர்கள் நடந்து நடந்து விழுந்த பாதை. ஓரிடத்திலும் நேராகப் போவதில்லை. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிகிற பாறைக்கு அது தெற்கே போய், கிழக்கே வளைந்து, மறுபடி மேலேறி வருகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. அளவெடுக்காமல் போட்ட பாதை என்றேன். "அவங்களுக்கு ஆபீஸுக்கு நேரமாகலை சாமி" என்றான் குத்புதீன்.

அருவி முதலில் காதுக்குத்தான் வந்தது. பிறகு முகத்துக்கு, திரும்புகிற இடத்தில் ஈரக்காற்று அடித்தது. அதற்கப்புறம்தான் கண்ணுக்கு. கறுப்புப் பாறை, அதன்மேல் வெள்ளைப் புடவையை உதறிப் போட்ட மாதிரி தண்ணீர். பாதியில் ஒரு மேடு தடுத்து அதை இரண்டாகப் பிரிக்கிறது. கீழே விழுந்து மறுபடி ஒன்றாகிவிடுகிறது. மழைக்காலமானதால் நல்ல தண்ணீர். தலையைக் கொடுத்தேன். முதுகில் நாலு பேர் சேர்ந்து அடிப்பதுபோல் இருந்தது. குத்புதீன் கரையிலேயே நின்று, தனக்கு ஜலதோஷம் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் ஏறிய பிறகு தனியாகப் போய் நின்றான். அதற்கப்புறம் அவனை வெளியே இழுப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

புளியோதரை தீர்ந்தது. நாலு முழத்தை அங்கே அளக்க இடமில்லை. இதை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை.

பிறகு மேலே. அருவிக்கு இடப்பக்கம் வேர்களும் பாறை வெடிப்புகளுமாக ஏறலாம் என்று தெரிந்தது. பாதை கிடையாது. திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் போனேன். முசுறு எறும்புக் கூடு ஒன்றை இலைக்கொத்து என்று நினைத்து விலக்கியவனும் நான்தான். அருவிக்கு மேலே ஓடை வேறு ஜாதியாக இருக்கிறது. சத்தமே இல்லை. இலைகள் ஊறிப் பழுப்பேறிய தண்ணீர், அதில் விரல் நீளத்துக்குக் கறுப்பு மீன்கள். காட்டுவாழை ஒரு கூட்டம். நெல்லி மரம் ஒன்று. கீழே காய் கொட்டிக் கிடந்தது. ரஹீம் தொப்பி நிறையப் பொறுக்கினான். அதைத் தின்றுவிட்டு ஓடைத் தண்ணீர் குடித்தால் எப்படி இனித்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளியைக் கண்டுபிடித்தேன். அங்கே புள்ளி இல்லை. ஒரு வீட்டு முற்றம் அகலத்துக்குப் பாசி படர்ந்த சரிவு. அது முழுக்கக் கசிகிறது. ஓடை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ரஹீம் பாசியில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தான். கை பதிந்த பள்ளம் எங்கள் கண்ணெதிரே நிரம்பிற்று. நான் கொண்டுபோன பென்சிலைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

அந்தச் சரிவின் தலையில் ஒரு மொட்டைப் பாறை. அதில் ஏறித் தெற்கே பார்த்தோம். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு வெள்ளி இழை. அவற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை, ஒரு கடுகு. இப்போது உன் நீலம். மலை கிட்டத்தில் பச்சைகூட இல்லை. சாம்பல், பழுப்பு, மஞ்சள், கொஞ்சம் பச்சை. ஆனால் அங்கே நின்று பார்த்தால் ஸ்ரீரங்கத்துப் பக்கம் முழுவதும் நீலம். ஆகையால் இரண்டு பேருமே தோற்றோம்.

இறங்கிய வழி சற்று வேறாக அமைந்தது. இரவு வீடு வந்து சேர்ந்தோம். விசேஷமில்லை. நான் க்ஷேமம்.

ஜனவரியில் நான் எங்கும் பிரயாணம் செய்ய முடியாது போலிருக்கிறது. நீ அந்த ரயிலைப் பற்றியே யோசி. மற்றபடி அத்தை க்ஷேமம், நான் பரிபூர்ண க்ஷேமம்.

சடகோபன்

*

ஸ்ரீ:
நாக்பூர், 3-12-36

சிரஞ்சீவி சடகோபனுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை உன் அத்திம்பேர் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கை பதிந்த இடத்தில் தண்ணீர் ஊறியதை மாமியார் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். எனக்கும் அந்த நெல்லிக்காய்தான் நாக்கில் நின்றது.

பிறகு நான் தனியாக எடுத்துப் படித்தேன்.

ஏறியதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். இறங்கியதை ஒரு வரி. வியாழக்கிழமை பகல் இரண்டேகால் மணிக்கு ஆபீஸில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். உட்கார்ந்தும் எழுதவில்லை, பென்சில், எழுத்தெல்லாம் மேலே ஏறிப் போகிறது, படுத்துக்கொண்டு எழுதினால் உனக்கு அப்படித்தான் வரும். க்ஷேமத்தை ரப்பரால் அழித்தவன் உன்னை மட்டும் இரண்டு தடவை க்ஷேமம் என்று எழுதியிருக்கிறாய்.

எந்தக் கால்?

உன் அத்திம்பேர் க்ஷேமம். மாமனார், மாமியார் க்ஷேமம்.

வேதவதி

*

ஸ்ரீரங்கம்
1936 டிசம்பர் 9, புதன், பகல் 3-30
எலும்பு ஒன்று

அக்காவுக்கு நமஸ்காரம்.

இடது. கணுக்காலுக்கு மேலே. மாவுக்கட்டு. பொங்கலுக்கு முன்னால் பிரிப்பார்கள்.

நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. இப்போது முழுதும் எழுதுகிறேன்.

மொட்டைப் பாறையிலிருந்து இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அருவியடிக்கு வந்தோம். பாதை அங்கிருந்து கிழக்கே ஒரு முதுகைச் சுற்றிக்கொண்டு போகும். ஓடையோ நேரே அடிவாரத்துக்கு இறங்குகிறது. தண்ணீர் எப்போதும் குறுக்கு வழியில்தான் போகும். அதன் கூடவே போனால் பாதி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். குத்புதீன் நின்றுவிட்டான்.

"வந்த வழி தெரியும் சாமி. இது தெரியாது."

"தண்ணிக்குத் தெரியும்" என்றேன்.

"தண்ணி விழுந்தா அதுக்கு வலிக்காது."

அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. முதல் கால் மணி நேரம் சுகமாக இருந்தது. பிறகு இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பிவிட்டது. ஒரு திருப்பத்தில் எதிரே மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அடிமரம் தெரியவில்லை. ஓடை அங்கே இன்னோர் அருவியாக விழுகிறது. தண்ணீர் என்னைக் குறுக்கு வழியில்தான் கொண்டுவந்து விட்டிருந்தது. விளிம்பைப் பார்த்துத் திரும்பினேன். பாசி. ஒரு ஆள் உயரம் சறுக்கி ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் தந்திதான் வந்திருக்கும்.

ரஹீம் தன் தோள்துண்டை இறக்கி என்னை இழுத்தான். அங்கிருந்து அருவியடி வரை, பிறகு பாதை முழுக்க, முதுகில் சுமந்துகொண்டு வந்தான். வலியில் நான் வாயை மூடவில்லை. இங்கே மெதுவாக, அங்கே வலப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ட்ரங்கு இவரைவிடக் கனம்தான் அண்ணே, ஆனா ட்ரங்கு பேசாது" என்று குத்புதீனிடம் சொன்னான். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. ரஹீமின் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவு சேற்றுக் கசிவைச் சுற்றியது. இன்னொன்று வெடித்த பாறையைச் சுற்றியது. பெரிய வளைவு நான் விழுந்த அந்தப் பள்ளத்தைத்தான் சுற்றியது. வீணாக ஒரு வளைவும் இல்லை.

இன்னொன்று. உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கால் விஷயத்தைக் கண்டுபிடித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டு, உன்னைப்போல் புத்தி எனக்கு இல்லை என்று ஆரம்பித்தாள். கடைசி வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"ஏண்டா, அவர் க்ஷேமம், மாமனார் மாமியார் க்ஷேமம். அவ எங்கேடா?"

மறுபடி படித்தேன். இல்லை. தீபாவளிக்கு வந்ததை எடுத்துப் பார்த்தேன். இல்லை. அக்டோபரிலிருந்தே இல்லை. நான் வேண்டாம் என்று சொன்னேன், நீ எழுதவில்லை, அது சரி. ஆனால் மற்றவர்களுடையதை எழுதியிருக்கிறாய்.

நீ எப்படி இருக்கிறாய்? விஷயத்தை எழுது. இந்தக் கடிதத்தில் எனக்கு வேண்டிய பதில் இது ஒன்றுதான்.

சடகோபன்

*

ஸ்ரீ:
நாக்பூர், 18-12-36

சிரஞ்சீவி சடகோபனுக்கு ஆசீர்வாதம்.

கட்டுப் பிரித்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நல்லெண்ணெய் தடவி மெதுவாக நீவச் சொல். உடனே நடக்காதே. அப்துல் ரஹீமுக்கு என் ஆசீர்வாதம். அவர் வீட்டில் யாருக்காவது கல்யாணம் என்றால் எழுது, ஒரு புடவை அனுப்புகிறேன்.

மற்றவை நேரில்.

வேதவதி

*

நாக்பூர், 27-12-36

சிரஞ்சீவி சடகோபனுக்கு உன் அத்திம்பேர் அழகிரி ஆசீர்வாதம்.

நான் கடிதம் எழுதுகிற மனுஷன் இல்லை என்று உனக்குத் தெரியும். இதை ஆபீஸிலிருந்து எழுதுகிறேன்.

உன் அக்காவுக்குக் கார்த்திகை மாசத்திலிருந்து பாதம் வீங்குகிறது. சாதம் இறங்குவதில்லை. இங்குள்ள டாக்டரம்மா, பயமில்லை, ஆனால் மனசு தெம்பாக இருக்கவேண்டும், ஓய்வு வேண்டும், பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் நல்லது என்றார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உனக்குக் காலும் இப்படி இருக்கும்போது சொன்னால் வருத்தப்படுவாயாம்.

அம்மாவிடம் நான் பேசினேன். கறாராக இருந்தாலும் அம்மா கெட்டவள் இல்லை. "பிறந்த வீட்டார் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்வேனா?" என்கிறாள். அம்மாவை மீறி நானே கூட்டி வந்து விடலாம். ஆனால் உன் அக்கா வரமாட்டாள். கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்கமாட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அக்டோபரில் உனக்கு அந்தக் கடிதம் எழுதிய அன்றைக்கே பரண்மேல் இருந்த ட்ரங்கை இறக்கித் தூசி தட்டி வைத்தாள். நீ ரயிலில் ஏறி வா என்று எழுதினாய். அன்று சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும், இடத்தை அடைக்கிறது, மேலே ஏற்றிவிடுங்கள் என்றாள். ஏற்றிவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு வீட்டு விலாசத்தில் எனக்குப் பதில் எழுதாதே.

அழகிரி

*

ஸ்ரீரங்கம்
1937 ஜனவரி 3, ஞாயிறு, காலை 7-05
விஷயம் ஒன்று

மகாலக்ஷ்மிக்குச் சமானமான என் அக்கா வேதவதிக்கு, தம்பி சடகோபன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் க்ஷேமம். எழுதுவதென்றால் சரியாக எழுத வேண்டும், ஆகையால் விவரம்: கோதை அத்தை க்ஷேமம், ஆனால் மார்கழிக் குளிரில் விடியுமுன் கோவிலுக்குப் போய்வந்து முழங்கால் வலி. நான் முக்கால்வாசி க்ஷேமம். பத்தாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். குத்புதீனும் ரஹீமும் க்ஷேமம். ரஹீமின் தங்கை கமர் ஜஹானுக்கு மாசியில் நிக்காஹ். நீ எழுதியதைச் சொன்னேன். புடவை வேண்டாம், அக்கா நேரில் வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதும் என்றான்.

அவ்விடத்தில் அத்திம்பேர், மாமனார், மாமியார் க்ஷேமம் என்று எழுதியிருந்தாய். அதற்கடுத்த இடம் மூன்று மாசமாகக் காலியாக இருக்கிறது. அதை நான்தான் அழித்தேன்.

என் காலை ஓர் எழுத்தும் இல்லாமல் நீ கண்டுபிடித்தாய். நீ வழக்கத்தை அவ்வளவு விவரமாக எழுதியும், தை பிறந்து பத்து நாள் என்று நாளைக்கூடக் குறித்துக் கொடுத்தும், நான் உனக்கு ரயில் பெயரை எழுதினேன். அத்தை சொல்லாவிட்டால் இன்னும் தெரிந்திருக்காது. அவள் இப்போது என்னை அதட்டுவதுகூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

'மற்றவை நேரில்' என்று முடித்திருந்தாய். அதையும் இத்தனை நாள் வேண்டாத வரி என்றுதான் நினைத்திருந்தேன். நேரில் என்றால் ஒருவர் புறப்பட்டு வர வேண்டும். நான் வருகிறேன்.

இனிச் செய்யப் போவது:

1. நாளைக் காலை லீவுக்கு எழுதிக் கொடுப்பேன். கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் வருவேன்.

2. மாமிக்கு இதே தபாலில் தனிக் கடிதம். அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தைகூட நான் மாற்றவில்லை.

3. போகியன்று ராத்திரி திருச்சியில் ரயில் ஏறுவேன். பொங்கல் ரயிலில் போகும். அத்தை சம்மதித்துவிட்டாள். மடியில் வைத்துக்கொள்ளப் புளியோதரை.

4. துணைக்கு ரஹீம் வருகிறான். தனியாக அனுப்பினால் நொண்டிக்கொண்டு இன்னொரு குறுக்கு வழி பிடிப்பேன் என்று குத்புதீன் ஏற்பாடு. ரஹீமுக்கு நாக்பூரில் தெரிந்த தகரக் கடைக்காரர் இருக்கிறார், அங்கே தங்குவான்.

5. தை இரண்டாம் நாள் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தாயார் சந்நிதிக் குங்குமம், பூ, பழம். மாமியை நமஸ்கரித்து, "என் அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிக் கொடுங்கள்" என்று கேட்பேன். ஒரு தடவையில் சரி என்று சொன்னாலும் இரண்டு தடவை கேட்பேன்.

6. திசைகாட்டியை அத்திம்பேரிடம் திருப்பிக் கொடுப்பேன். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. ஊசி சரியாகக் காட்டுகிறது.

7. உப்பில் ஊறின நெல்லிக்காய் ஒரு ஜாடி. குத்புதீன் போன ஞாயிற்றுக்கிழமை தனியாக மலைக்குப் போய்ப் பொறுக்கி வந்தான். பாதையிலேயே போய்ப் பாதையிலேயே வந்தானாம். இரண்டு தடவை சொன்னான்.

8. உன் ட்ரங்கை இறக்குவதும் என் வேலைதான். ஆனால் ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆகையால் அது ஒன்றை மட்டும் இன்றைக்கே அத்திம்பேரை இறக்கி வைக்கச் சொல்.

சடகோபன்